அந்தப் பேய் நம்ம ஊராப்பா?

எங்கள் முலுண்ட் பில்டிங்கில் நாலாவது மாடி ஒரு குட்டி இந்தியா. ஒரு மலையாளிக் குடும்பம், ஒரு தெலுங்குக் குடும்பம், ஒரு வங்காளிக் குடும்பம், அப்புறம் நாங்கள். மழைக்காலத்தில் மும்பையில் சனிக்கிழமை சாயங்காலம் எங்கே போவது? அதனால் இந்த வருஷம் ஒரு ஏற்பாடு. வாரம் ஒரு வீட்டில் எல்லோரும் கூடி ஒரு பேய்ப்படம். படத்தை அந்த வீட்டுக்காரர் தேர்ந்தெடுப்பார், டிபனும் அவர் வீட்டுச் செலவு.

முதல் வாரம் தெலுங்கு காரு. ராம் கோபால் வர்மாவின் 'பூத்' (2003) போட்டார். மும்பையில் ஒரு உயரமான அடுக்குமாடியில் புதுசாகக் குடிவரும் தம்பதி, அந்த வீட்டில் முன்னால் இருந்தவள் பால்கனியிலிருந்து விழுந்து செத்தவள். பாட்டு கிடையாது, பாழடைந்த பங்களா கிடையாது. நம்ம வீடு மாதிரியே ஒரு வீடு. அதனால்தான் பயமாக இருந்தது என்பது தங்கமணியின் அபிப்பிராயம். ஒரு வாரம் லிஃப்டில் தனியாகப் போகவில்லை. (இ.எம்.ஐ. கட்டுகிற எனக்கு இந்த வீட்டைவிடப் பயமான பேய் எதுவும் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.)

ரெண்டாவது வாரம் வங்காளி தாதா 'வோ கௌன் தீ' (1964) போட்டார். வெள்ளைப் புடவை, மழை, சாதனா. நம்மவர்களுக்கு இது ஜெயலலிதாவும் ஜெய்சங்கரும் நடித்த 'யார் நீ' (1966). பேய் என்று நினைத்தது கடைசியில் பேயே இல்லை, எல்லாம் மனுஷன் போட்ட திட்டம் என்று முடிகிற படம். 1949இல் கமால் அம்ரோஹியின் 'மஹல்' போட்டுக் கொடுத்த பாதை அது. அந்தக் காலத்துப் பேய்கள் பாடும், சாலையில் நடக்கும், ஆனால் படம் பார்க்கிறவனின் பாஷையில்தான் பாடும். லதா பாடினால் இந்தி, சுசீலா பாடினால் தமிழ். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலை இருக்கிறது.

மூன்றாவது வாரம் சேச்சியின் முறை. வேறென்ன, 'மணிச்சித்ரத்தாழ்'. 2024 ஆகஸ்டில் புதுப்பித்த பிரதியாக அது தியேட்டருக்கு வந்தபோதே சேச்சி ரெண்டு தடவை பார்த்தாயிற்று. வசனம் வசனமாகத் தெரியும். எங்கள் பெண்ணுக்குப் பதினோரு வயசு. போர்வைக்குள் ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு பார்த்தாள். கங்காவாக நடிக்கும் ஷோபனாவின் முகம் மாறி, கட்டிலை ஒரு கையால் தூக்கி, திடீரென்று தமிழில் பேச ஆரம்பிக்கிறாளே அந்த இடம். போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்தப் பேய் நம்ம ஊராப்பா?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. நாங்கள் கும்பகோணம். பேய் தஞ்சாவூர். ஆமாம் என்பதைத் தவிர நான் என்ன சொல்ல? ஆனால் ராத்திரி படுத்த பிறகு அந்தக் கேள்வி விடவில்லை. எத்தனையோ தடவை பார்த்த படம். பேய் ஏன் தமிழ் பேசுகிறது என்று ஒரு தடவைகூட நான் கேட்டுக்கொண்டதில்லை.

தெரியாதவர்களுக்குக் கதைச் சுருக்கம். ஃபாசில் இயக்கி 1993 கிறிஸ்துமஸுக்கு வந்த படம். மாடம்பள்ளி என்ற தரவாடு. ஒரு காலத்தில் அங்கே இருந்த காரணவர் சங்கரன் தம்பி, தஞ்சாவூரிலிருந்து நாகவல்லி என்ற நடனக்காரியைக் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறார். அவள் மனசு எதிர் வீட்டு ராமநாதன் என்ற நடனக்காரனிடம் இருக்கிறது. துர்காஷ்டமி அன்று அவளைக் கொன்றுவிடுகிறார். பல தலைமுறை கழித்து அந்த வீட்டுக்கு மருமகளாக வரும் கங்கா, பூட்டிக் கிடந்த தெக்கினியைத் திறக்கிறாள். மனசு ரெண்டாகப் பிளந்து நாகவல்லியாகிறாள். மதுமுட்டத்தின் கதை. உண்மையில் படத்தில் பேயே கிடையாது. மனநோய்தான். ஷோபனாவுக்கு இதற்குத் தேசிய விருது கிடைத்தது.

இந்தக் கதை எத்தனை மொழிக்குப் போயிற்று என்று உங்களுக்கே தெரியும். போன இடத்தில் எல்லாம் பேயின் பாஷை என்ன ஆயிற்று என்பதுதான் சுவாரஸ்யம்.

பி. வாசு 2004இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' எடுத்தார். பேய் தெலுங்கு பேசியது. அடுத்த வருஷம் அவரே தமிழில் 'சந்திரமுகி' எடுத்தார். இங்கேயும் தெலுங்கு, ஆந்திராவிலிருந்து வந்த நடனக்காரி. சாந்தி தியேட்டரில் 800 நாட்களுக்கு மேல் ஓடியது. பிரியதர்ஷன் 2007இல் இந்தியில் 'பூல் புலையா' எடுத்தார். (அசல் படத்தில் இரண்டாவது யூனிட்டைப் பார்த்துக்கொண்டவர்களில் அவரும் ஒருவர்.) அதில் கதை ராஜஸ்தானுக்குப் போயிற்று, பேய் வங்காளி ஆயிற்று. 'சந்திரமுகி'யைத் தெலுங்கில் டப் செய்தபோது என்ன செய்தார்கள் தெரியுமா? தெலுங்குக்காரனுக்குத் தெலுங்குப் பேய் எப்படிப் பயம் தரும்? அங்கே அவள் தமிழுக்குத் திரும்பினாள். பாட்டே 'வாராய்' என்றுதான்.

அதாவது மலையாளிக்குத் தமிழச்சி. தமிழனுக்குத் தெலுங்குக்காரி. தெலுங்கனுக்கு மறுபடி தமிழச்சி. இந்திக்காரனுக்கு வங்காளி. பேய் எப்போதும் பக்கத்து வீட்டுக்காரி!

இதில் ஒரு தொழில் சூட்சுமம் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஒரு உடம்புக்குள் வேறு ஒருத்தி இருக்கிறாள் என்று காட்ட, பாஷையை மாற்றினால் போதும். கிராஃபிக்ஸ் செலவு கிடையாது. காது மூலமாகவே புரிந்துவிடும். ஆனால் எந்தப் பாஷை வேண்டுமானாலும் ஆகாது. பாதி புரிய வேண்டும், பாதி புரியக் கூடாது. மலையாளிக்குத் தமிழ் அப்படி. நமக்குத் தெலுங்கு அப்படி. ஃப்ரெஞ்சு பேசியிருந்தால் தியேட்டர் சிரித்திருக்கும்.

சரி, இந்திக்குப் போகும்போது தமிழையே வைத்திருக்கலாமே? என் அபிப்பிராயம், அது நடக்காது. 'படோசன்' (1968) படத்தில் மெஹ்மூத் பாட்டு வாத்தியாராக வந்த நாளிலிருந்து, அதற்கு முன்னாலிருந்தும்கூட, இந்தி சினிமாவில் தமிழ் என்றால் காமெடி. ஷோபனாவின் அதே காட்சியில் அதே தமிழ் வந்திருந்தால் வடக்கே விசில்தான் பறந்திருக்கும். பயத்துக்கு வேறு ஆள் ரெடியாக இருந்தது. மும்பை லோக்கலில் போகிறவர்களுக்குத் தெரியும், பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் 'பாபா பெங்காலி' நோட்டீஸ்கள். பிரிந்த காதலைச் சேர்ப்பார், செய்வினை எடுப்பார். வங்காளம் என்றால் மாந்திரீகம் என்ற அந்த எண்ணத்தைப் படம் அப்படியே எடுத்துக்கொண்டது. எங்கள் தாதாவுக்கு இதில் சரியான கோபம். "எங்க ஊர்க்காரங்க வெளியூர் போனா டாக்டரா போறாங்க, வாத்தியாரா போறாங்க. சினிமாவுல மட்டும் சூனியம் வைக்கப் போறோமா?" என்றார். ஆனால் 'ஆமி ஜே தோமார்' பாட்டு வரும்போது கூடவே பாடுவார், அது வேறு விஷயம்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த வங்காளிப் பேயாக ஆடிய வித்யா பாலன் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து நம்ம செம்பூரில் வளர்ந்தவர். தமிழில் ஆந்திராப் பேயாக ஆடிய ஜோதிகா மும்பைப் பெண். ஆக மொத்தம் யாருமே சொந்த ஊரில் இல்லை.

இப்போது சினிமாவை விட்டுச் சரித்திரத்துக்கு வருகிறேன். தஞ்சாவூர் நடனக்காரி மலையாள தேசத்துக்குப் போனது கற்பனை இல்லை. 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாளின் சபையில் தஞ்சை ஆட்கள் நிறைய. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அங்கேதான் இருந்தார். மகாராஜா அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் கொடுத்தார் என்று சங்கீத சரித்திரம் சொல்கிறது. திருவனந்தபுரத்தில் 'தஞ்சாவூர் அம்மவீடு' என்றே ஒரு வீடு உண்டு. மகாராஜா மணந்துகொண்ட தஞ்சை நடனக்காரி சுகந்தவல்லிக்காகக் கட்டியது என்பார்கள். சந்திரமுகியின் தெலுங்கும் அவ்வளவு அந்நியம் இல்லை. நாயக்கர் காலத்திலும் மராட்டியர் காலத்திலும் தஞ்சை அரண்மனையில் நாட்டியத்துக்குப் பாடியதில் பெரும்பகுதி தெலுங்குப் பதங்கள்தான். தமிழ்நாட்டு ஜமீனில் தெலுங்கில் பாடி ஆடுகிற ஒருத்தி இருந்தாள் என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

அதாவது இவர்கள் எல்லோரும் வேலைக்கு வெளியூர் போனவர்கள். நம்மைப் போல. சம்பளம், சன்மானம், வீடு என்று ஏதோ ஒன்றுக்காக. வடிவேலுவின் வயலின் சரித்திரத்தில் இருக்கிறது. கதை என்று வரும்போது பெண்ணைத்தான் அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். படத்தின் சில காட்சிகள் எடுத்த பத்மநாபபுரம் அரண்மனையே ஒரு விசித்திரம்தான். இருப்பது தமிழ்நாட்டில், கன்னியாகுமரி மாவட்டத்தில். பராமரிப்பது கேரள அரசு. 1956இல் எல்லை பிரித்தபோது வந்த ஏற்பாடு.

குரல் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். நாகவல்லி தமிழில் கத்துகிறாளே, அந்தக் குரல் யாருடையது? கங்காவுக்கு மலையாளத்தில் குரல் கொடுத்த பாக்யலக்ஷ்மியே இதையும் பேசினார் என்றுதான் எல்லோரும் இருபது வருஷத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2016இல் ஃபாசில்தான் சொன்னார், நாகவல்லியின் தமிழைப் பேசியவர் துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞர் என்று. இருபத்து மூன்று வருஷம்! பாட்டின் தமிழ் வரிகள் வாலி எழுதியவை என்று தெரியும். கேரளமே நடுங்கிய அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியின் பெயர் தெரியாது. சேச்சிக்கும் தெரியாது. சொன்னபோது கொஞ்சம் அதிர்ந்துதான் போனார்.

ஆனால் அன்று ராத்திரி தங்கமணி பாதிப் படத்தில் எழுந்து போய்ச் சேச்சியின் சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றது நாகவல்லிக்காக இல்லை. டாக்டர் சன்னி, கங்காவின் சின்ன வயசைச் சொல்கிற இடம் அது. கங்காவின் அப்பா அம்மாவுக்குக் கல்கத்தாவில் வாசம். குழந்தையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பாட்டிதான் அவளுக்கு எல்லாம். கதைகள், காவு, கோயில். ஒருநாள், பரீட்சை சமயம், கூட்டிப் போக வந்து நிற்கிறார்கள். அன்றுதான் அந்தப் பெண்ணின் மனசு முதல் தடவை பிசகுகிறது.

எங்கள் பெண்ணை மூன்று வயசில் கும்பகோணத்தில் அம்மாவிடம் விட்டிருந்தோம். ரெண்டு பேருக்கும் வேலை, இங்கே பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பதினாலு மாதம். திரும்பக் கூட்டிவந்தபோது ரயிலில் ஒரு வார்த்தை பேசவில்லை. பிளேஸ்கூலில் சேர்த்த ரெண்டாவது வாரம் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். "உங்கள் குழந்தை மூலையில் உட்கார்ந்து தனக்குள் ஏதோ முணுமுணுக்கிறாள், கூப்பிட்டால் திரும்புவதில்லை, டாக்டரிடம் காட்டுங்கள்." தங்கமணி அங்கேயே அழுதுவிட்டாள். மறுநாள் நான் லீவு போட்டு, கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். கையில் ஒரு பொம்மை. அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், "சமத்தா சாப்பிடு, பாட்டி நாளைக்கி வந்துடுவா." அவ்வளவுதான். தமிழ். அந்த அறையில் அது யாருக்கும் தெரியாத பாஷை.

படம் முடிந்து ஏலக்காய் டீ குடிக்கும்போது ஆளாளுக்கு ஒரு அபிப்பிராயம். தெலுங்கு காருவுக்கு, பேய் இல்லாத பேய்ப்படம் ஏமாற்று வேலை. தாதாவுக்கு, ஷோபனாவின் கண்ணுக்கே காசு சரியாகிவிட்டது. சேச்சிக்கு, இதற்குப் பிறகு வந்த எதுவும் படமே இல்லை. (2022 முதல் வந்த 'பூல் புலையா' பாகங்களையும் 2023 'சந்திரமுகி 2'ஐயும் வைத்துப் பார்த்தால் நானும் சேச்சி கட்சி. நோய் என்று சொன்ன கதையில் நிஜப் பேயை இறக்கிவிட்டார்கள்.) தங்கமணி ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பெண் பாட்டிக்குப் போன் போட்டு, நம்ம ஊர்ப் பேய் ஒண்ணு பார்த்தேன் என்று முழுக் கதையும் சொன்னாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா பொறுமையாக எல்லாம் கேட்டுவிட்டு, "பாவம், அந்தப் பொண்ண அவ்வளவு தூரம் தனியா அனுப்பிச்சாளே, கூடத் துணைக்கு ஒருத்தர் போகக் கூடாதா?" என்றாள். அப்புறம் வழக்கம்போல, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டில். 'அந்த நாள்' (1954) போடலாம் என்றிருக்கிறேன். பேய் இல்லை, பாட்டும் இல்லை, எல்லோரும் தமிழ் பேசுவார்கள். டிபன் அடையும் அவியலும்.