நரம்பல்ல, நாளம்: காலில் ஓடும் சிலந்திக் கோடுகளின் வைத்திய வரலாறு

தொடையிலும் கணுக்காலிலும் சிவப்பாக, நீலமாகச் சிலந்தி வலைபோல ஓடும் கோடுகளை எம்மவர் 'நரம்பு' என்பார்கள். நரம்பு வருத்தமோ என்று அஞ்சி, சொல்லாமல் மறைப்பவர்களும் உண்டு. உண்மையில் அவை தோலுக்கடியில் விரிந்துபோன நுண்ணிய குருதி நாளங்கள்.

புடைத்த நாளங்களுக்குப் பண்டைய வைத்தியம் கத்தியும் சூடும்தான். ரோமானியத் தளபதி மாரியஸ் ஒரு காலை வெட்டக் கொடுத்து, அசையாமல் வலியைத் தாங்கினார். மற்றக் காலைக் கொடுக்க மறுத்துவிட்டார் என்று புளூட்டாக் எழுதியிருக்கிறார்.

1603 இல் இத்தாலியரான பப்ரீசியஸ் நாளங்களுக்குள் இருக்கும் சிறு வால்வுகளை விளக்கி நூல் வெளியிட்டார். குருதி இதயத்துக்குத் திரும்புகிறது, அது பின்னோக்கி வழியாமல் வால்வுகள் தடுக்கின்றன என்று அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி 1628 இல் காட்டினார். இந்த அறிவு தமிழுக்கும் வந்தது. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் உடற்கூற்று நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். 1860களில் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார்.

பரம்பரை, கர்ப்பம், ஹோர்மோன் மாற்றம், வயது, உடற்பருமன் ஆகியவை இக்கோடுகளுக்குக் காரணமாகலாம். தொழிற்சாலையிலும் உணவகச் சமையலறையிலும் நாள் முழுக்க நிற்பதும் காலில் குருதியைத் தேங்க வைக்கும்.

சிகிச்சைக்கு வழி திறந்தது 1853 இல் வந்த மருந்தூசி. 1930களில் மரப்பு மருந்தாக உருவான பொலிடொகனோல், 1960களில் நாளங்களை மூடும் மருந்தாகியது. ஊசியால் ஏற்றும்போது நாளத்தின் சுவர்கள் ஒட்டி மூடுகின்றன. குருதி வேறு நாளங்களால் போகும். மூடிய நாளத்தை உடல் மெல்ல மெல்லக் கரைத்துவிடும். பல தடவை செய்ய நேரலாம். பிறகு புதிய கோடுகளும் வரலாம். கர்ப்பிணிகளுக்கு இது ஏற்றதல்ல. லேசர் சிகிச்சையும் உண்டு. ஆனால் எமது மாநிறத் தோலில் அது தழும்பையோ நிறமாற்றத்தையோ ஏற்படுத்தக்கூடும், கேட்டறிந்து செய்யுங்கள். இறுக்கக் காலுறையும் நடையும் கால் பாரத்தைக் குறைக்கும், கோட்டை அழிக்கா.

அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்குக் கியூபெக் மருத்துவக் காப்புறுதி பணம் தராது. எத்தனை தடவை, மொத்தம் எவ்வளவு என்று முன்னரே எழுத்தில் வாங்குங்கள். கோடுகள் பெரும்பாலும் ஆபத்தற்றவை. ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நொந்தால் அது குருதிக் கட்டியாக இருக்கலாம். அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் உடனே 911 ஐ அழையுங்கள். அங்கே வெட்கத்துக்கு இடமில்லை.