விழித்திரை வைத்தியர் பத்ரிநாத்

இரண்டு இலையும் ஓர் அரும்புமாகத் தேர்ந்து கொழுந்தெடுக்கும் ஊவாத் தோட்டத்துக் கைகளுக்கு வழிகாட்டுவன கண்களே. கண்புரை என்னும் நோயைப் பசறையிலும் அப்புத்தளையிலும் அறியாதார் இலர். விழியின் உட்சுவரில் மெல்லிய படலமாய்ப் பரந்திருக்கும் விழித்திரையையோ அறிந்தவர் சிலரே. அது கிழிந்து பெயர்ந்தாலும் நோவு தோன்றாது. மின்னல் போன்ற ஒளியும் மிதக்கும் கரும்புள்ளிகளும் முதலில் தோன்றும். பின்னர் ஓரத்திலிருந்து ஓர் இருள் மறைக்கும்.

இந்நோய்க்குப் பரிகாரமில்லை என்றே உலகம் நெடுங்காலம் கருதியது. கிழிசலே பெயர்ச்சிக்குக் காரணம் என்று கண்டு, அவ்விடத்தைச் சூடிட்டு மூடியவர் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரத்து வைத்தியர் ஜூல் கொனின். இது 1920 ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்தது. ஆயினும் ஓரத்துக் கிழிசலைக் காண்பது அரிதாயிருந்தது. தலையில் அணிந்து இரு கண்ணாலும் நோக்கத்தக்க கருவியொன்றை ஆக்கி அக்குறையைப் பெரிதும் நீக்கியவர் பெல்ஜியத்திற் பிறந்த சார்ல்ஸ் ஸ்கெப்பன்ஸ். இரண்டாம் உலகப் போரில், மரம் அறுக்கும் ஆலை முதலாளியாக வேடம் பூண்டு, ஒளிந்து வந்தோரைப் பிரனீஸ் மலை கடத்தி ஸ்பெயினுக்கு அனுப்பியவரும் இவரே. அக்கதை தனிப் பேச்சுக்கு உரியது.

போருக்குப் பின் பொஸ்டன் சென்று விழித்திரைத் துறையை வளர்த்த ஸ்கெப்பன்ஸிடம் பயின்றவர்களுள் ஒருவர், 1940 இல் சென்னையிற் பிறந்த எஸ். எஸ். பத்ரிநாத். அமெரிக்காவிலேயே தங்கிப் பொருளீட்டியிருக்கலாம். அவர் 1970 இல் தாயகம் திரும்பினார். 1978 இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். பொருளற்றோர்க்கு அங்கே கட்டணமின்றிச் சிகிச்சை கிடைத்தது. பத்மபூஷண் விருது 1999 இல் அவரை அடைந்தது. எனினும் அவருடைய கத்தியினும் அவருடைய பாடசாலையையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஒருவர் கை எத்தனை கண்களைத் தொடமுடியும்? இளம் வைத்தியர்க்கு விழித்திரைப் பயிற்சி, ஆராய்ச்சிக்கூடம், 1985 இல் பார்வை அளவியற் கல்லூரி என அந்நிறுவனம் விரிந்தது. 2023 நவம்பர் 21 இல் அவர் காலமானபோது, அங்கே பயின்றவர்கள் பல ஊர்களில் கண் பார்த்துக்கொண்டிருந்தனர்.

இவ்வரலாறு நமக்கு எதற்கு? 1924 இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதை, கொழும்பிலிருந்து ஏறத்தாழ 290 கிலோ மீற்றர் நீளம். பெயர்ந்த விழித்திரையோ நாட்கணக்கிற் பரவி நடுப்பார்வையைத் தொடும். தொடுமுன் வைத்தியரை அடைந்தவர்க்குக் கூர்ந்த பார்வை மிஞ்சும். தொட்டபின் வந்தவர்க்கு அது முழுதும் மீள்வது அரிது. நீரிழிவுக்காரரின் விழித்திரையிலோ குருதிக்குழாய்கள் ஆண்டுக்கணக்கிற் கசிந்து, பார்வை தெளிவாயிருக்கும்போதே கேடு விளைக்கும். அந்த நிலையில் லேசர் ஒளியால் அதனைத் தடுக்க இயலும். அதனாலேயே அவர்கள் ஆண்டுதோறும் கண்மணியை மருந்திட்டு விரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டுமென வைத்தியர் கூறுவர். ஒரு கண் கெடினும் மற்றது வேலையை நடத்திவிடும். நல்ல கண்ணில் தூசி விழுந்து அதனைக் கசக்கும் நாளிலேதான் மற்றதன் இருள் பலருக்குத் தெரியவருகிறது.