கடனீரேரிக்கு அப்பால் ஒரு புடவைக்கடை

ஒரு பாடசாலையின் நூற்றாண்டு வரலாற்றை எழுதும்போது அதிபர்கள், கட்டடங்கள், பரீட்சைப் பெறுபேறுகள் எல்லாம் தாமாகவே இடம்பிடித்துக்கொள்கின்றன. அவற்றை இம்மலரில் மற்றச் சகோதரிகள் எழுதுகிறார்கள். நாம் எடுத்துக்கொண்டது ஒரு சின்ன விடயம். பூநகரிப் பெண்பிள்ளைகளாகிய நாம் உடுப்பு எங்கே எடுத்தோம், அந்தக் கடைகள் எப்படி மாறின என்பதே அது. எங்களுக்குள் பேசிப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. எங்கள் உடுப்பின் கதை பெரும்பாலும் வழியின் கதை. வழி திறந்திருந்த காலத்தில் விரும்பியதை உடுத்தோம். வழி அடைபட்ட காலத்தில் கிடைத்ததை உடுத்தோம்.

பூநகரி வன்னிப் பெருநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. கடனீரேரிக்கு அக்கரையில் யாழ்ப்பாணம். கண்ணுக்குத் தெரியும் தூரம்தான், ஆனால் நடுவில் தண்ணீர். தரையால் போவதென்றால் பரந்தனுக்குப் போய், ஆனையிறவைக் கடந்து, குடாநாட்டைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். குறுக்கு வழி சங்குப்பிட்டித் துறை. அங்கே ‘பாதை’ என்று நாம் சொல்லும் மிதவையில் ஏறிக் கேரதீவில் இறங்கி, தனங்கிளப்பு, நாவற்குழி வழியாகப் பட்டணம் போய்ச் சேரலாம். காலபோக அறுவடை முடிந்து மொட்டைக்கறுப்பன் நெல்லை விற்ற கையோடு, சித்திரை வருடப்பிறப்புக்கு உடுப்பு எடுக்கப் போவது இந்த வழியால்தான். “யாழ்ப்பாணம் போறம்” என்று வீட்டில் ஒரு சொல் விழுந்தால், பிள்ளைகளுக்கு அன்றிரவு நித்திரை இல்லை.

பட்டணத்தில் புடவைக்கடைகள் பெரியகடைப் பகுதியிலும் கஸ்தூரியார் வீதியிலும் அவற்றை ஒட்டிய தெருக்களிலும் இருந்தன. புதிதாக வாசிக்கும் இளைய சகோதரிகளுக்கு ஒரு விளக்கம்: அப்போது கடையில் சட்டை விற்கவில்லை, துணி விற்றார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், மெத்தையில் இருக்கும் கடைக்காரர் ஒவ்வொரு கட்டாக உருட்டி விரிப்பார். சீத்தை, வொயில், பொப்பிளின் என்று பெயர் சொல்லிக் காட்டுவார். தெரிவு செய்வது அம்மாவும் பெரியம்மாவும். “நிறம் போகுமோ?”, “நிண்டு உழைக்குமோ?” என்பவைதான் அவர்களுடைய கேள்விகள். ஒரே கட்டில் எட்டு யார், பத்து யார் வெட்டி அக்காவுக்கும் தங்கச்சிக்கும் ஒரே துணியில் சட்டை தைப்பார்கள். பெருநாளன்று கோயிலில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளைத் துணியைப் பார்த்தே அடையாளம் சொல்லலாம். எடுத்த துணியைத் தையல்காரரிடம் கொடுத்தால், வளரும் பிள்ளை என்று கீழே இரண்டு அங்குலம் மடித்துத் தைத்துத் தருவார். அந்த மடிப்பை அவிழ்த்து அவிழ்த்து மூன்று வருடம் போடுவோம்.

பட்டணம் போக வசதியில்லாத வீடுகளுக்குப் பொட்டணி வியாபாரி வந்தார். சைக்கிளின் பின்னால் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து, முற்றத்தில் பாய் விரித்து மூட்டையை அவிழ்ப்பார். காசு அறுவடைக்குப் பிறகு. எழுத்து இல்லை, பிணை இல்லை, அடுத்த முறை வரும்போது வாங்கிக்கொள்வார். இன்று நுண்கடன் நிறுவனங்களுக்குக் கிழமைக்குக் கிழமை தவணை கட்டும் எங்கள் பெண்களுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுதிவிட முடியாது. யார் என்ன உடுக்கலாம் என்பதைக் காசு மட்டும் தீர்மானிக்கவில்லை, சாதியும் தீர்மானித்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்கள் மேற்சட்டை போடுவதைத் தடுத்த ஒரு வழக்கம் எங்கள் பாட்டிமார் காலத்தில் வடபகுதியில் இருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வெள்ளை என்று பாடசாலை சொன்னபோது, அந்த வெள்ளைச் சட்டை வெறும் சீருடையாக இருக்கவில்லை. வெள்ளை வாங்க எல்லா வீட்டிலும் காசு இருக்கவில்லை என்பதும் உண்மை. 1993 முதல் அரசாங்கம் மாணவர்களுக்கு இலவசச் சீருடைத் துணி கொடுக்கத் தொடங்கியது. அந்த ஒரு துண்டுத் துணிக்காகவே பாடசாலையை விட்டு நிற்காத பிள்ளைகள் இருந்தார்கள்.

எழுபதுகளில் கடைகள் முதல் தடவை பெரிதாக மாறின. 1970இல் வந்த அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. நல்ல துணிக்குத் தட்டுப்பாடு வந்தது. அரசாங்கத்தின் சலுசலவும் சங்கக்கடையும் தருவதை வரிசையில் நின்று எடுக்கவேண்டியிருந்தது. மிளகாயும் வெங்காயமும் செய்தவர்கள் அந்த ஆண்டுகளில் கையில் காசு பார்த்தார்கள், ஆனால் அந்தக் காசுக்கு வாங்கத் துணி இல்லை. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் நிலைமை தலைகீழானது. வெளிநாட்டுத் துணிகள் வந்து குவிந்தன. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்க, ஆயத்த ஆடை என்ற சொல் எங்களுக்கும் பழக்கமானது. கடைக் கண்ணாடிக்குள் பொம்மைக்கு உடுத்தி வைத்திருந்த சட்டையைக் காட்டி “அது வேணும்” என்று கேட்ட முதற் தலைமுறை அதுதான். கொழும்பில் உத்தியோகம் பார்த்த அண்ணன்மார் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் வாங்கிய சட்டைகளை யாழ்தேவியில் கொண்டுவந்து பரந்தனில் இறங்கினார்கள்.

அந்தச் செழிப்புக்கு ஆயுள் குறைவு. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை உலகம் அறியும். அதே நாட்களில் கடைத்தெருவும் எரிந்தது. 1983 யூலையில் கொழும்பில் தமிழரின் கடைகள் எரிந்தன. புறக்கோட்டையில் மொத்தமாக எடுத்து யாழ்ப்பாணத்தில் சில்லறையாக விற்ற வியாபாரத்தின் இரண்டு முனையும் இப்படி இரண்டு வருடத்துக்குச் சற்றுக் கூடிய காலத்துக்குள் கருகிப்போயின. எரிந்த இடங்களில் திரும்பவும் கடை போட்டார்கள்.

1990 யூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியது. அரசாங்கம் வடக்குக்குப் போகக்கூடாத பொருட்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. எரிபொருள், பற்றரி, சீமெந்து ஆகியவற்றோடு இராணுவ உடையை ஒத்த துணிகளும் அதில் இருந்தன. பிள்ளைகளின் புத்தகப் பைகூடத் தப்பவில்லை. சவர்க்காரம் அருமையானது. பனம்பழக் களியால் உடுப்புத் தோய்க்கும் பழைய முறைக்குத் திரும்பினோம். அம்மாவின் சேலை சட்டையானது, சட்டை தம்பியின் காற்சட்டையானது, கடைசியில் கைபிடிச் சீலையானது.

அதே ஆண்டு ஒக்ரோபரில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் புடவைக்கடையின் வரலாற்றை எழுத முடியாது. விடுதலைப் புலிகள் வடபகுதி முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் மணித்தியாலக் கணக்கில்தான் அவகாசம். 70,000க்கும் மேற்பட்டவர்கள் வீடு, கடை, நகை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் அகதிகளானார்கள். சோனகத் தெருப் பக்கத்துத் தையல்காரர்கள் போனார்கள். எங்கள் பிரிவிலேயே நாச்சிக்குடா வெறுமையானது. எங்கள் அளவுகளை மனதில் வைத்திருந்து, நாடாவைத் தொடாமலே “பிள்ளை வளந்திட்டா” என்று சொன்ன மனிதர்கள் அவர்கள். அந்தக் கடைகள் நட்டத்தால் மூடப்படவில்லை. திரும்பி வந்தவர்கள் சிலர். திரும்ப முடியாதவர்கள் பலர்.

1991இல் பூநகரி இராணுவத்திடம் போனது. எங்கள் சனம் வன்னியின் உட்பகுதிகளுக்குச் சிதறியது. 1993 நவம்பரில் பூநகரி முகாமில் நடந்த பெருஞ்சண்டையை மூத்த சகோதரிகள் மறந்திருக்கமாட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் பெயர்ந்தபோது யாழ்ப்பாணத்துச் சனத்தில் ஒரு பகுதி கிளாலிக் கடலைக் கடந்து எங்கள் பக்கம் வந்தது. பட்டணத்தைத் தேடி நாங்கள் போன காலம் போய், பட்டணமே வன்னிக்கு வந்த காலம் அது. 1996இல் கிளிநொச்சியும் சண்டைக்குள் அகப்பட, மல்லாவியும் புதுக்குடியிருப்பும் கடைத்தெருக்களாயின. கிடுகுக் கொட்டிலுக்குள் புடவைக்கடை. யாழ்ப்பாணத்தில் பெயர்ப்பலகை வைத்து வியாபாரம் செய்தவர் மல்லாவியில் வாங்கில் நாலு சேலையை அடுக்கிவைத்திருந்தார். துணி வவுனியாவில் இருந்து சோதனைச் சாவடிகளைத் தாண்டி வரவேண்டும். யாருக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்ட காலம் மறந்துபோனது.

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. ஓமந்தையிலும் முகமாலையிலும் பொதிகளை அவிழ்த்துக் காட்டவும் வரி கட்டவும் வேண்டியிருந்தாலும் சனம் யாழ்ப்பாணத்துக்குப் போனது. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு பெரியகடைக்குப் போனவர்கள் எங்களில் இருந்தார்கள். கடைகள் மாறியிருந்தன. தாவணியின் இடத்தைப் பஞ்சாபி பிடித்திருந்தது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பரிசிலும் இருந்து வந்த சகோதரிகள் பேரம் பேசாமல் வாங்கினார்கள், கடைக்காரரும் விலையை அதற்கேற்ப வைத்தார். கூறைச் சேலை எடுக்கும் இடமும் மாறியது. மாப்பிள்ளை வீட்டார் சென்னை தியாகராய நகருக்கே போனார்கள். 1928இல் தொடங்கிய நல்லி போன்ற கடைகளின் பெயர் பூநகரிக் கல்யாண வீடுகளிலும் அடிபட்டது. 2006 ஆகஸ்ட்டில் வீதி மறுபடி மூடப்பட்டது.

2008 நவம்பரில் பூநகரி மீண்டும் இராணுவத்திடம் போனது. அதற்கு முன்பே புறப்பட்ட சனம் முள்ளிவாய்க்கால்வரை நடந்தது. புறப்படும்போது கட்டிய உடுப்புப் பை ஒவ்வொரு இடப்பெயர்விலும் சிறுத்துச் சிறுத்து, கடைசியில் உடுத்த உடுப்பே மிஞ்சியது. கட்டிவைத்த நல்ல சேலைகளை மண்மூட்டை தைக்கக் கிழித்தார்கள். காயத்துக்குக் கட்டினார்கள். இறந்தவர்களைப் போர்த்தினார்கள். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் கொடையாக வந்த உடுப்பைப் பங்கிட்டார்கள். தந்தவர்களுக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆனால் வளர்ந்த பெண் ஒருத்தி, முன்பின் தெரியாத ஒருவர் போட்டுக் கழித்த சட்டையை அளவு பாராமல் போட்டுக்கொண்டு, உள்ளாடைக்கு யாரிடம் கேட்பது என்று கூசி நின்றதையும் இந்த மலர் பதிவு செய்யவேண்டும். பசியைப் பற்றி எழுதியவர்கள் பலர். இதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு, 2011 சனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 288 மீற்றர். பாதைக்குக் காத்து நின்ற காலம் அந்த 288 மீற்றரில் முடிந்தது. காலையில் பஸ் ஏறி, பட்டணத்தில் உடுப்பு எடுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பூநகரிக்குத் திரும்பலாம். பட்டணமும் புது முகம் காட்டியது. 2013இல் ஆஸ்பத்திரி வீதியில் காகில்ஸ் சதுக்கம் வந்தது. தென்னிலங்கையின் பெரிய ஆடைக் கடைகள் கிளை திறந்தன. குளிரூட்டிய மாடிகள், நகரும் படிகள், உடுத்திப் பார்க்க அறை, விலை ஒட்டிய துண்டு. பேரம் இல்லை, “நிண்டு உழைக்குமோ” என்று கேட்க ஆளும் இல்லை. கைபேசியில் படம் பார்த்து எடுத்தால் பொதி வீட்டு வாசலுக்கே வருகிறது. பொட்டணி வியாபாரி இன்னொரு உருவத்தில் திரும்பியிருக்கிறார் என்று சொல்லலாம், ஆனால் இவருக்குக் கடன் சொல்ல முடியாது.

கிடைத்தது பெரிது. எங்கள் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்ததைத் தாங்களே எடுக்கிறார்கள். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் இப்போது அபிப்பிராயம் சொல்லத்தான் இடம். போனதும் உண்டு. தையல் இயந்திரத்தை நம்பிக் குடும்பம் நடத்திய பெண்கள், அவர்களில் யுத்தத்தில் கணவனை இழந்தவர்கள் பலர், ஆயத்த ஆடையின் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறார்கள். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவில் இருந்து சில மாதங்களில் 360 ரூபா அளவுக்கு ஏறியபோது துணி விலையும் கூடவே ஏறியது. அடுத்த வருடம் சீருடைத் துணியின் பெரும்பகுதி சீனாவின் நன்கொடையாக வந்தது. வெள்ளைச் சட்டை இன்னும் எல்லா வீட்டுக்கும் இலேசானதல்ல என்பதைப் பழைய மாணவிகள் நினைவில் வைத்திருப்பது நல்லது.

இன்னொரு மாற்றம் எங்களை யோசிக்க வைக்கிறது. துணி வாங்கப் பட்டணம் போன ஊரின் பிள்ளைகள் இன்று உலகத்துக்கு உடுப்புத் தைக்கிறார்கள். கிளிநொச்சியில் மாஸ் நிறுவனத்தின் ‘விடியல்’, ‘வானவில்’ தொழிற்சாலைகள் இருக்கின்றன. விடிய முன்னம் பஸ் வந்து வன்னிக் கிராமங்களில் இருந்து இளம் பெண்களை ஏற்றிச் செல்கிறது. மாதச் சம்பளம் வருகிறது, சீட்டுப் பிடிக்கிறார்கள், தம்பியைப் படிப்பிக்கிறார்கள். தாங்கள் தைக்கும் உடுப்பை அவர்கள் கடையில் விலை கொடுத்து வாங்குவது அரிது.

புலம்பெயர்ந்த சகோதரிகளிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் அலுமாரிகளில் ஊரில் இருந்து கொண்டுபோன ஒரு சட்டை, ஒரு சேலை, பாடசாலைக் கழுத்துப்பட்டி இருந்தால், அதைப் படம் எடுத்து, எந்த ஆண்டு, எந்தத் தெருவில் எடுத்தது, யார் தைத்தது என்று எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். எங்களிடம் மிஞ்சிய படங்கள் மிகக் குறைவு, உடுப்புகள் அதிலும் குறைவு. மற்றது, அடுத்த முறை ரொறன்ரோவிலோ இலண்டனிலோ உடுப்பு எடுக்கும்போது கழுத்துப் பக்கத் துண்டைத் திருப்பிப் பாருங்கள். இலங்கையில் செய்தது என்று இருந்தால், அந்தத் தையல் எங்கள் பாடசாலையில் உங்களுக்குப் பிறகு படித்த ஒரு தங்கச்சியின் கையாகவும் இருக்கலாம்.