ஒரு விகுதியின் கதை

என் தொழிற்சாலை அட்டையில் ‘எம்ப்ளொயீ’. பழைய விசாக் கடிதத்தில் ‘ரெஃப்யூஜீ’. இரண்டுக்கும் விகுதி ஒன்றே. 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நோர்மானியரின் பிரெஞ்சு, நீதிமன்றங்களில் விட்டுச்சென்றது அது. குத்தகைக்குக் கொடுப்பவர் ‘லெசர்’, எடுப்பவர் ‘லெசீ’. செய்பவருக்கு ஒரு விகுதி, செய்யப்படுபவருக்கு வேறொன்று. ‘எம்ப்ளொயீ’யும் இந்த அச்சில் அடங்கும்.

‘ரெஃப்யூஜீ’ அடங்காது. 1685இல் பதினான்காம் லூயி நாந்த் ஆணையை ரத்துச் செய்தபோது தப்பியோடிய பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தினரோடு பரவிய சொல் அது. அவர்களிற் பலர் கிழக்கு லண்டனில் பட்டு நெய்தார்கள். புகலிடம் தேடிக்கொண்டவர் என்பதே பொருள், தேடியவர் அவரேதான். நமது ‘அகதி’யோ கதியற்றவர்!

விரிவுரை மேடையில் எனக்கு இது தோன்றியதில்லை. இரவு வேலையில் பெட்டி அடுக்கும்போதுதான் தட்டுப்பட்டது. ‘புகலாளர்’ என்று எழுதலாமே என நண்பர்களிடம் சொன்னேன். சிரித்தார்கள்.