சிறையிலும் வற்றாத ஈரம்

 

துன்பம் தீர்ந்த பிறகுதான் மகிழ்ச்சி என்றும், கையில் மிச்சம் இருந்தால்தான் இரக்கம் என்றும் நம்மில் பலர் எண்ணுகிறோம். நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு இவ்வெண்ணத்தை மறுக்கிறது. செய்யாத குற்றத்திற்காகச் சிறைப்பட்ட அவர்களிடம், கனவு கண்டு கலங்கிய இரு கைதிகள் வந்தனர். அவர்கள் தம் துயரத்தைப் பேசாமல் வந்தவர்களின் கலக்கத்தைத் தீர்த்தார்கள்; ஏகத்துவத்தையும் எடுத்துரைத்தார்கள். ஆனால் விடுதலை பெற்ற கைதியோ தமக்கு நன்மை செய்தவரை மறந்துவிட்டார். நபியவர்களின் சிறைவாசம் மேலும் சில ஆண்டுகள் நீண்டது. துன்பத்திலும் பிறருக்கு உதவுவது, உதவியவரை மறவாதிருப்பது என இரு பாடங்கள் இதில் உள்ளன. இவ்விரண்டையும் நமது ஓட்டப்பிடாரத்தின் வரலாறும் நமக்குக் கற்பிக்கின்றது.

1872 செப்டம்பர் 5 அன்று இவ்வூரில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை, தந்தை உலகநாத பிள்ளையைப் போலவே வழக்கறிஞரானார். ஏழைகளுக்காகக் கட்டணமின்றி வாதாடினார். 1906இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய்; 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அவற்றில் 8,000 பங்குகளை இரண்டு லட்சம் ரூபாய்க்கு வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். ஐந்தில் ஒரு பங்கை ஒரு முஸ்லிம் வணிகர் தாங்கினார் என்பது நாம் நினைவில் வைக்கத்தக்க செய்தியாகும்.

ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்தார் கட்டணத்தைக் குறைத்து நெருக்கிய காலத்தில், வ.உ.சி. தம் தொழிலை மட்டும் காத்துக்கொள்ள முனைந்திருக்கலாம். அவரோ 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்குத் துணை நின்றார். வேலை இழந்து நின்ற குடும்பங்களுக்காக நிதி திரட்டினார். ஊதிய உயர்வும் வார விடுமுறையும் தொழிலாளருக்குக் கிடைத்தன. ஆனால் அடுத்த சில நாள்களில், மார்ச் 12 அன்று, அவர் கைது செய்யப்பட்டார்.

கோயம்புத்தூர்ச் சிறையில் அவரைச் செக்கிழுக்க வைத்தனர். பின்னர் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றினர். அங்கே அவர் உடனிருந்த கைதிகளுக்கு நீதிநூல்களைக் கற்பித்தார். பழைய நூல்கள் அவர்களுக்குக் கடினமாயிருந்ததால், எளிதாகக் கற்கத்தக்க அறநூல் ஒன்றை இயற்ற முற்பட்டார். அதுவே பின்னாளில் 125 அதிகாரங்களுடன் வெளிவந்த 'மெய்யறம்'. திருடரென்றும் கொலைஞரென்றும் உலகம் ஒதுக்கியவர்களை மாணவர்களாக ஏற்றதில், அவர் தமக்கும் ஒரு மன நிறைவைத் தேடிக்கொண்டார் எனலாம். சிறைக் கம்பிகள் அவருடைய கைகளைத் தடுத்தன. பிறருக்குப் பயன்படுவதைத் தடுக்கவில்லை.

இனி இரண்டாம் பாடம். 1912 டிசம்பரில் அவர் விடுதலையானபோது வரவேற்க வந்தவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் சுப்பிரமணிய சிவாவும் ஒருவர். கப்பல் நிறுவனம் 1911லேயே கலைக்கப்பட்டிருந்தது. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. பல்லாயிரம் பேர் திரண்டு கேட்ட குரலுக்குரியவர், சென்னையில் குடும்பத்தைக் காக்கத் தடுமாறினார். அந்நாளில் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய நிதியில் 347 ரூபாய் 12 அணா, காந்தியடிகள் வழியாக 1916இல் அவரை வந்தடைந்தது. கடல் கடந்தவர்கள் நினைவில் வைத்திருந்தனர். அருகிலிருந்தோர் பலர் மறந்திருந்தனர்.

ஆனால் வ.உ.சி. தமக்கு நன்மை செய்தவரை மறக்கவில்லை. வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் உரிமம் திரும்பக் கிடைத்தபோது, தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். தம்மைச் சிறையிட்ட ஆட்சியின் நீதிபதி ஒருவரிடமும் நன்றி பாராட்ட அவர் தயங்கவில்லை. நன்றி மறவாத உள்ளத்தில் கசப்பு குடியிருப்பதில்லை.

இது பழங்கதை மட்டுமன்று. 2023 டிசம்பர் பெருமழையில் நம் மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் விரைவு ரயிலில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கியபோது, வெள்ளத்தால் தாமே பாதிக்கப்பட்டிருந்த புதுக்குடி கிராம மக்கள் சமைத்துக் கொண்டுவந்து உணவளித்தனர். தம் வீட்டு நீர் வடியட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

அன்புச் சகோதரர்களே! ஸகாத்தும் ஸதகாவும் வழங்கும் வேளையில் கையேந்தி வருபவர்களை நாம் அறிவோம். முன்பு பள்ளிவாசலுக்கு வாரி வழங்கி, இன்று தொழில் நொடித்து, கேட்கக் கூசி, கடைசி ஸஃப்பில் தொழுதுவிட்டு மௌனமாகத் திரும்புபவரை நாம் அறிகிறோமா? அவர் நம் வாயிலுக்கு வரமாட்டார். நாம்தான் அவர் வாயிலுக்குச் செல்லவேண்டும். அவருடைய மானத்திற்குப் பங்கம் வராமல் மறைவாகச் செல்லவேண்டும். அவ்வாறு செல்பவருக்குத் தம் துன்பமும் பாதியாகக் குறைவதை அவரே உணர்வார்.

வல்ல ரஹ்மான், நெருக்கடியிலும் சுருங்காத கையையும், நன்மை செய்தோரை மறவாத நெஞ்சையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.