இரு கண் கொண்ட கருவி

மலைநாட்டுத் தோட்டங்களில் கொழுந்து கொய்யும் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. காலையில் லயத்தை விட்டுப் புறப்பட்டு, மாலையில் கொழுந்து நிறுத்த பின்னரே வீடு திரும்பும் பெண்ணுக்குத் தன் உடலைப் பற்றி எண்ண ஓய்வு கிடைப்பதில்லை. மார்பில் தோன்றும் சிறு கட்டியோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லாத ஒன்றுக்காக ஒரு நாட் சம்பளத்தை இழக்க யார் துணிவார்? ஆதலின், வலிக்குமுன் நோயைக் காட்ட முயன்ற கருவிகளின் வரலாறு ஹட்டன், நுவரெலியா மக்களுக்கும் உரியதாகும்.

1895ஆம் ஆண்டில் ஜேர்மனியின் றொன்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தார். 1913இல் பேர்லின் நகரத்து அறுவை வைத்தியர் அல்பேட் சலமன், அறுத்தெடுக்கப்பட்ட மூவாயிரம் மார்பகங்களை அக்கதிரால் ஆராய்ந்து, புற்றின் சாயலை விளக்கினார். 1960இல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் றொபேட் ஈகன் தெளிவாகப் படமெடுக்கும் முறையை வகுத்தளித்தார். அப்பத்தாண்டிலேயே பிரான்சின் சாள்ஸ் குரோ மார்பகத்துக்கெனத் தனிக் கருவி அமைத்தார்.

ஆயினும் ஒரு குறை நீடித்தது. அப்படத்தில் அடர்ந்த திசு வெண்மையாய்த் தெரியும். புற்றும் வெண்மையாய்த் தெரியும். மூடுபனி படிந்த தேயிலைச் சரிவில் வெள்ளாடை உடுத்தவரைத் தேடுவது போன்ற செயல் அது. 1971இல் இங்கிலாந்தின் ஹவுன்ஸ்பீல்ட் உடலைக் குறுக்குவெட்டாகக் காட்டும் சி.ரி. கருவியால் முதல் நோயாளியைப் படமெடுத்தார். மார்பகத்துக்கென அத்தகைய கருவி அப்பத்தாண்டிலேயே செய்யப்பட்டும், பொருட்செலவு முதலிய காரணங்களால் கைவிடப்பட்டது. 2001இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்து ஜோன் பூன் குழுவினர் புதுவழி கூறினர். பெண் குப்புறப் படுத்திருக்க, மேசைத் துளையின் வழியே தொங்கும் மார்பகத்தை மட்டும் கதிர் சுற்றிவரும். நெஞ்சுக்கூட்டைக் கதிர் ஊடுருவ வேண்டியதில்லை.

வடிவம் தெரிந்தது, அது தீயதா என்பது முற்றும் தெரியவில்லை. புற்றுக்கலங்கள் குளுக்கோசை மிகுதியாக உட்கொள்வன. கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோசை ஊசியால் செலுத்தி, அது சேருமிடத்தைக் காட்டுவது பெற் கருவி. ஆனால் மென்மையான உறுப்பை வெவ்வேறு நிலையில் எடுத்த இரு படங்கள் ஒன்றோடொன்று பொருந்தா. எனவே இரண்டையும் ஒரே மேசையில் இணைக்கும் எண்ணம் எழுந்தது. முழுவுடலுக்கான முதல் இணைகருவி 1998இல் பிற்ஸ்பேர்க் நகரில் இயங்கியது. மார்பகத்துக்கான இணைகருவியை டேவிஸ் அறிஞர் பின்னர் அமைத்தனர்.

இவ்வருங்கருவிக்கு ஓர் எல்லை உண்டு. அக்குளுக்கோசின் கதிரியக்கம் ஏறத்தாழ 110 நிமிடங்களில் பாதியாகிவிடும். ஹட்டனுக்கும் கொழும்புக்கும் இடையே புகையிரதம் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. ஆகவே அம்மருந்து மலையேறி வருதல் அரிது; நோயாளிதான் இறங்கிச் செல்லவேண்டும்.

அவர் யாரென்று முதலிற் கண்டுகொள்வது கருவியன்று, கைதான். 1996 முதல் இலங்கையில் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்குகளில், 35 வயதைக் கடந்த பெண்களின் மார்பகம் கையால் பரிசோதிக்கப்படுகிறது. டிக்கோயாவில் 2017இல் புதிய வைத்தியசாலைக் கட்டடமும் திறக்கப்பட்டது. கிளினிக் நாளின் சம்பளம் வெட்டப்படாதிருக்கத் தோட்ட நிருவாகமும் தொழிற்சங்கமும் வழிகாணுமாயின், நூறாண்டுக்கு மேற்பட்ட இவ்வறிவின் பயன் லயத்துப் பெண்ணையும் வந்தடையும்.