அந்தோணியாரும் ஓங்கில்களும்

சிங்காநல்லூரில் வாழும் நமக்குக் கடல் தொலைவு. நொய்யலும் குளமுமே நாம் நாள்தோறும் காணும் நீர்நிலைகள். ஆயினும் செவ்வாய்க்கிழமைகளில் புலியகுளம் அந்தோணியார் ஆலயத்திற்குச் செல்வோர் ஒரு கடற்கரைக் கதையை அறிவர். ரிமினி நகரத்தார் செவிசாய்க்க மறுத்தபோது, புனிதர் ஆறு கடலோடு கலக்குமிடம் சென்று மீன்களுக்குப் போதித்தார். அவை தலைதூக்கிக் கேட்டன என்பது மரபு. இதில் நாம் கவனியாத ஒன்றுண்டு. புனிதர் மீன்களைத் தம்மிடம் வரவழைத்து அடைக்கவில்லை. அவரே அவற்றிடம் சென்றார். கேட்டபின் அவை தம் கடலுக்கே திரும்பின.

இதற்கு நேர்மாறான நிகழ்வு நம் மாநிலத்திலேயே நடந்தது. 1998ஆம் ஆண்டு, சென்னையை அடுத்த கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்த ‘டால்ஃபின் சிட்டி’ என்னும் பொழுதுபோக்கு மையத்திற்குப் பல்கேரியாவிலிருந்து டால்ஃபின்கள் கொண்டுவரப்பட்டன. தமிழில் ஓங்கில் எனப்படும் இவ்வுயிர் மீனன்று. நம்மைப்போல் நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டி ஈன்று, பாலூட்டி வளர்ப்பது. தான் எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கொண்டே வழியும் இரையும் அறிவது. பரந்த கடலில் கூட்டமாய் வாழும் அதனைத் தொட்டியில் அடைத்து வித்தை காட்டச் செய்தனர். ஆறு மாதங்களுக்குள் அனைத்தும் மாண்டன.

இத்தகைய காட்சிகளுக்குப் பின்னே ஒரு வணிகம் உண்டு. ஜப்பானின் தைஜி ஊரில் படகுகளிலிருந்து ஓசையெழுப்பி ஓங்கில் கூட்டங்களைக் குடாவுக்குள் விரட்டுவர். சில காட்சிக்கூடங்களுக்கு உயிரோடு விற்கப்படும். பல இறைச்சிக்காகக் கொல்லப்படும். இதனை உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் ரிக் ஓபேரி. 1960களில் ‘ஃபிலிப்பர்’ தொலைக்காட்சித் தொடருக்காக ஓங்கில்களைப் பழக்கிப் புகழும் பொருளும் ஈட்டியவர் அவர். அவற்றுள் ஒன்றான கேத்தி, 1970இல் அவர் கரங்களிலேயே உயிர்விட்டது. அன்றே மனம் மாறினார். எஞ்சிய வாழ்வை அவற்றின் விடுதலைக்கு அளித்தார். நாம் ‘மனந்திரும்புதல்’ என்பது இதுவன்றோ! தைஜி வேட்டையைக் காட்டிய ‘தி கோவ்’ ஆவணப்படம் 2009இல் வெளிவந்தது. 2015இல் ஜப்பானிய விலங்குக் காட்சியகங்களின் சங்கம், தைஜி வேட்டையில் பிடிபட்டவற்றை வாங்குவதற்குத் தன் உறுப்பினர்களுக்குத் தடை விதித்தது. வேட்டையோ நிற்கவில்லை.

நம் நாட்டில் கொச்சி முதலிய இடங்களில் புதிய காட்சிக்கூடங்கள் அமைக்கும் திட்டங்கள் எழுந்தபோது, விலங்கு நல அமைப்புகள் எதிர்த்துக் குரலெழுப்பின. சென்னை மரணங்களும் சான்றாக எடுத்துரைக்கப்பட்டன. 2013 மே 17 அன்று மத்திய விலங்குக் காட்சியக ஆணையம், இத்தகைய திட்டங்களுக்கு அனுமதி அளிக்கலாகாது என மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. மாண்டவை பேசுவதற்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

ஓங்கில்களை ‘மனிதரல்லாத ஆட்கள்’ எனக் கருதவேண்டும் என்ற அறிஞர் கருத்தையும் அச்சுற்றறிக்கை குறிப்பிட்டது. இச்சொல் நமக்கு உறுத்தலாம். கடவுளின் சாயலைப் பெற்றவன் மனிதன் என நம்புகிறோம். ஆனால் அச்சாயலே நம் கையைக் கட்டுகிறது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரண் என்று திருச்சபையின் மறைக்கல்வி (2418) கற்பிக்கிறது. அப்படியாயின், தொட்டிக்குள் சிறுமையுற்றது ஓங்கில் மட்டுமன்று, கைதட்டிய நாமும்தான்.

சுற்றறிக்கை நம் எல்லையோடு நின்றுவிடும். நாமோ விடுமுறையில் பிள்ளைகளோடு வெளிநாடு செல்கிறோம். அங்கே ஓங்கில் காட்சிக்கு அழைக்கும் பலகையின் முன் நிற்க நேர்ந்தால், புலியகுளத்தில் நாம் வணங்கிய புனிதரை நினைப்போம். நுழைவுச்சீட்டு வாங்காமல் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வோம். ஓங்கில் கண்ணில் படாமற் போகலாம். படாமலே அது நலமாயிருக்கட்டும்.